ஹவுன்ஸ்லோவில் அண்ணிக்கு விழுந்த மாலை

என் ஆசை அண்ணைக்கு,

நேற்றுப் பின்னேரம் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? காலையில் தேநீருக்குச் சீனி என்று உப்பைப் போட்டிருக்கிறேன். பாதி குடித்த பிறகுதான் அது நாக்குக்கே தெரிந்தது.

உங்கள் ஹவாய் இசைக்குழுவின் முதல் ஆல்பம் வந்துவிட்டது, அண்ணை. அதைக் கொண்டாட ஹவுன்ஸ்லோவில் ஒரு தேவாலய மண்டபத்தில் கச்சேரி வைத்தார்கள். நீங்கள் போய் எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு வருசம் முடியச் செய்கிற ஆட்டைத் திவசம் இன்னும் வரவில்லை. அதுவரை பாட்டுக் கச்சேரி, கொண்டாட்டம் என்று குடும்பத்தில் ஒருவரும் போவதில்லை. அப்படியிருக்க, அண்ணி போகப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் நேரே உங்கள் வீட்டுக்குப் போய் நின்றேன்.

"அண்ணி, திவசம் முடியட்டும். சனம் என்ன கதைக்கும்?"

"நான் போறன் ரவி. நீர் வாறதெண்டால் வாரும்."

சொல்லிவிட்டுச் சோறு வடிக்கத் திரும்பிவிட்டார். அண்ணி எப்போது என்னிடம் இப்படிப் பேசியிருக்கிறார்? அங்கே போய்த் தனியாக இருந்து அழப்போகிறாரே என்றுதான் நானும் அக்காவும் கூடப் போனோம்.

உண்மையைச் சொன்னால், உங்கள் குழுவை நாங்கள் ஒரு பொருட்டாகவே எடுத்ததில்லை. வாரம் முழுக்க விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குவீர்கள். சனிக்கிழமை வந்தால் கிட்டாரை மடியில் படுக்கப் போட்டு, இரும்புக் கட்டையால் தேய்த்துத் தேய்த்து அழ வைப்பீர்கள். "அண்ணை பிள்ளையைத் தாலாட்டுறார்" என்று நான் பகிடி விடுவேன். நீங்களும் சிரிப்பீர்கள். ஒத்திகைக்கு அண்ணியும் கூட வருவது எங்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் ரோல்ஸும் தேநீரும் கொண்டு போகிறார் என்று நினைத்தோம். வேறு எதை நினைப்பது?

மண்டப வாசலிலேயே முதல் அடி விழுந்தது. மேசை முழுக்க ஆல்பங்கள். அட்டைப் படத்தில் நீங்கள்! அதுவும் கிளிப்பச்சை நிறத்தில் பூப்போட்ட சேட்டுப் போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய. கலியாண வீட்டுக்கே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடு வருகிற மனிதர் நீங்கள்.

"இது எங்கடை அண்ணையோடா?" என்று அக்கா கேட்டாள். நான் ஒரு ஆல்பத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

மேடையில் உங்கள் கதிரை காலியாக இருந்தது. அதன்மேல் உங்கள் கிட்டாரைப் படுக்க வைத்திருந்தார்கள். குழுத் தலைவி மலியாவை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஹவாயில் பிறந்து இங்கே தாதியாக வேலை செய்கிற அந்த மனுசிதான் எல்லாவற்றையும் நடத்தினார். இரண்டு பாட்டு முடிந்ததும், ஆல்பத்துக்காகப் பதிவு செய்திருந்த உங்கள் கிட்டாரை மட்டும் ஒலிபெருக்கியில் விட்டார்கள். மற்றவர்கள் அதோடு சேர்ந்து நேரிலே வாசித்தார்கள்.

அண்ணை, "வேலைக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிப் போனவர் நீங்கள். மாரடைப்பு என்று தொலைபேசியில் சொன்னார்கள். கடைசியாக ஒரு சொல்லுக்குக்கூட எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அப்படிப்பட்ட நீங்கள் அந்த மண்டபத்தில் ஆறுதலாக, அவசரமே இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தீர்கள். நான் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மலியா மைக்கில் ஆங்கிலத்தில் அறிவித்தார்: "இனி எங்கள் பாடகி வசந்தி."

அண்ணியின் பெயரிலேயே வேறு யாரும் இருக்கக்கூடும் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்துக் கதிரையில் அண்ணியைக் காணவில்லை.

வெளிர்நீலச் சேலையோடு மேடையில் ஏறினார். பழக்கப்பட்டவர் போல மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார். உங்கள் கிட்டார் ஒலிபெருக்கியில் தொடங்கியது. அண்ணி கண்ணை மூடிக் காத்திருந்து, சரியான இடத்தில் பாடத் தொடங்கினார். ஹவாய் மொழியில்! கோயிலில் தேவாரத்தையே வாய்க்குள் முணுமுணுக்கிற அண்ணி! எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. குரல் மட்டும் நெஞ்சைப் போட்டுப் பிசைந்தது.

"உனக்குத் தெரியுமோ?" என்று அக்கா என் தோளை உலுக்கினாள்.

"சத்தியமாய்த் தெரியாது அக்கா."

எப்போதிருந்து அண்ணை இது நடந்தது? காரில் போகும்போது பாடிப் பழகினீர்களா? ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை? அண்ணியையும் பகிடி பண்ணுவேன் என்று பயந்தீர்களா?

பாட்டு முடிந்ததும் மலியா கை நிறைய மாலைகளோடு வந்தார். ஊதா நிற ஓர்க்கிட் பூ மாலைகள். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் மாலை போட்டு மரியாதை செய்வது அவர்கள் வழக்கமாம். ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டு அண்ணியிடம் வந்தார். எங்கள் ஆட்களில் புருசனை இழந்தவள் தலையில் ஒற்றைப் பூ வைத்தாலே என்ன கதை கதைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே? கழுத்தில் மாலை என்றால்? அதுவும் திவசம் முடிய முன்னம்?

நான் எழுந்துவிட்டேன். "அண்ணி, வேண்டாம்!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. மாலையைப் பிடித்த மலியாவின் கை அந்தரத்தில் நின்றது. போடலாமா என்று அண்ணியிடம் மெல்லக் கேட்டார். அண்ணி என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, கெஞ்சலுமில்லை. பிறகு மலியாவின் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தார்.

உங்கள் கலியாணத்துக்குப் பிறகு அந்தக் கழுத்தில் விழுந்த முதல் மாலை அது. சனம் எழுந்து நின்று கைதட்டியது. அக்கா அழுதாள். எனக்குக் கதிரையில் இருக்கவும் தோன்றவில்லை, வெளியே போகவும் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது காரில் அண்ணி மாலையோடே முன் இருக்கையில் இருந்தார். வீட்டுக்குள் போனதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மாலையை உங்கள் படத்துக்குப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், ஒருவரும் ஒரு கதையும் கதைக்க ஏலாது. நல்ல வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெரிய நிம்மதி.

"கழட்டித் தாங்கோ அண்ணி. அண்ணையின்ரை படத்துக்குப் போடுவம்" என்று கையை நீட்டினேன்.

அண்ணி இரண்டு கையாலும் மாலையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை ரவி. இது நான் பாடினதுக்குப் போட்டது. அவருக்கு வேறை வாங்கும்."

நீட்டிய கையை எப்போது மடக்கினேன் என்று எனக்கு நினைவில்லை, அண்ணை.

உங்களுக்கான மாலையை இன்றைக்கு ரெய்னர்ஸ் லேன் பூக்கடையில் நானே பார்த்து வாங்கி வருகிறேன். அடுத்த மாதம் சவுத்தாலில் இன்னொரு கச்சேரி இருக்கிறதாம். திவசத்துக்கு முன்னம்தான். அண்ணியை நானே காரில் கூட்டிக்கொண்டு போவேன். மலியா மாலையோடு வரும்போது நானும் எழுந்து நிற்பேன், கைதட்டுவதற்கு. இது உங்கள்மேல் சத்தியம்.

அண்ணியின் பாட்டை எல்லோருக்கும் பிந்திக் கேட்ட
உங்கள் தம்பி,
ரவி