பச்சைப் புள்ளி வைத்த கிளிப்

11 ஜூன் 2007, திங்கள்

இன்றைக்கும் ஒரு கிளிப் காணோம். பத்து நாளில் இது நாலாவது. காலையில் வினிதா தலையில் இரண்டு சிவப்பு கிளிப் குத்தி அனுப்பினேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு ரூபாவிடமிருந்து கூட்டிவரும்போது ஒன்றுதான் இருக்கிறது. "எங்கட்டி?" என்று கேட்டால் "போச்சு" என்கிறாள். அவ்வளவுதான். அழவில்லை.

கிளிப் போனால் போகட்டும். பென்சில் முனை உடைந்தாலே ஊரைக் கூட்டுகிற நாலரை வயதுப் பிள்ளை ஏன் அழவில்லை? அழக்கூடாது என்று யார் மிரட்டி வைத்திருக்கிறார்கள்?

13 ஜூன்

குளிப்பாட்டும்போது முதுகு, தொடை, காது மடல் எல்லாம் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. தடம் தெரியாமல் அதட்டுகிற ஆளும் உண்டு.

ரூபா தன் மகள் ஸ்வாதியிடம் தெலுங்கில் பேசுகிறாள். என்னைக் கண்டதும் தமிழுக்கு மாறுகிறாள். எதற்கு மாறணும்?

14 ஜூன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சுடலைமுத்துவுக்கு எல்லாமே சிரிப்புதான். "கம்பெனியில நாள் பூரா குறை கண்டுபிடிக்கிற. வீட்டுக்கு வந்துமா?" என்கிறார்.

அவருக்கென்ன. இரண்டு வயதில் வினிதாவின் பந்து சாக்கடையில் விழுந்துவிட்டது. அழுது அழுது மூச்சடைத்து, உதடெல்லாம் நீலமாகி, என் மடியில் துவண்டு விழுந்தாள். வளர வளரச் சரியாகிவிடும், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். அந்த உதட்டை என் வீட்டுக்காரர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து இவளை அழவிட்டதில்லை. எதை வாங்கினாலும் கூட ஒன்று வாங்கி பீரோவில் வைத்துவிடுவேன். ஒன்று தொலைந்தால் இவள் தேடுவதற்குள் இன்னொன்று வந்துவிடும். தாயம் ஆடினாலும் நான்தான் தோற்பேன்.

18 ஜூன், திங்கள்

கம்பெனியில் செக் பண்ணி முடித்த நல்ல பீஸுக்குப் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பது என் வேலை. அந்த மார்க்கரை இன்று பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். புது கிளிப்பின் உள்பக்கம் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். பார்ப்போம்.

19 ஜூன்

ஸ்வாதி தலையில் இருக்கிறது! அவள் செருப்பு மாட்டக் குனிந்தபோது மெல்லத் திருப்பிப் பார்த்தேன். பச்சைப் புள்ளி.

ரூபா காபி கொடுத்தாள். குடித்தேன். என் பிள்ளை தலையில் இருந்ததைப் பிடுங்கித் தன் பிள்ளைக்குக் குத்திவிட்டு, சிரித்துக்கொண்டே காபியும் கொடுக்கிறாளே. என்ன நெஞ்சழுத்தம்!

வேறு ஆள் பார்க்கணும். மூக்கண்டப்பள்ளி முழுக்கத் தேடினாலும் ஆள் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் வேலையை விடணும், கோவில்பட்டிக்கே போய் மறுபடி தீப்பெட்டி ஒட்டணும். ஒட்டுறேன். பிள்ளையை விட வேலை பெரிசா?

22 ஜூன், வெள்ளி

எழுத்து கோணிக்கிட்டுப் போகுது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் போய் ரூபா வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாலு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் புளியங்கொட்டைக் குவியல். ஊதிச் சிதறவிட்டு, மற்றது அசையாமல் ஒவ்வொன்றாக எடுக்கணும். வினிதா விரல் பட்டு இரண்டு கொட்டை அசைந்தது. தோற்றாள். தோற்றால் தலையில் இருப்பதைக் கழற்றிக் கொடுக்கணும் போல. அவளே கிளிப்பைக் கழற்றினாள். அவளே ஸ்வாதி கையில் வைத்தாள். வைத்துவிட்டு வாயைத் திறந்தாள் — அதே அழுகை. சத்தமே வராத அழுகை.

ரூபா பூண்டு உரிப்பதை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்கவில்லை. அடிப் பாவி, தூக்கேன்! நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஒரு விக்கல். மூச்சு வந்துவிட்டது. தானாகவே வந்தது. வினிதா பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நான்தான் ஜெயிப்பேன்" என்றாள்.

உள்ளே போய்க் கத்தினேன். "மூச்சு நின்னிருந்தா என்ன பண்ணிருப்ப?"

ரூபா தலை குனிந்தாள். "நின்னுச்சு தங்கமணிக்கா. மொத வாரத்துல ரெண்டு தடவ. எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு. சொன்னா புள்ளைய கூட்டிக்கிட்டுப் போயிடுவீங்கன்னு சொல்லல. அது என் தப்புதான். அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே ஒக்காந்திருப்பேன். இப்பெல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடுதுக்கா."

அப்புறம் ஒரு பழைய பவுடர் டப்பாவைத் திறந்து காட்டினாள். ரப்பர் பேண்டு, பாசிமணி, ஸ்வாதியின் பிளாஸ்டிக் கம்மல். எல்லாம் வினிதா ஜெயித்ததாம். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போன்னா மாட்டேங்குது. அம்மா திருப்பிக் குடுக்கச் சொல்லுமாம்."

சொல்லியிருப்பேன். அது நிஜம்தான்.

23 ஜூன்

மறைத்தது மறைத்ததுதான். கோபம் ஆறவில்லை.

25 ஜூன், திங்கள்

ரூபா வீட்டுக்கேதான் அனுப்பினேன். இனி எதையும் மறைக்கக்கூடாது என்று ரூபாவிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலம், "இன்னிக்கி ஜெயிச்சிடுச்சுக்கா, அழுகையே இல்ல" என்றாள். ஸ்வாதியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். உண்மைதான்.

1 ஜூலை, ஞாயிறு

காலையிலிருந்து மழை. நானும் வினிதாவும் புளியங்கொட்டை ஆடினோம். வேண்டுமென்றே விரலை ஆட்டித் தோற்கப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொய்யா ஆடாதம்மா."

இவளுக்கு எப்போதிருந்து தெரியும்?

நிஜமாகவே ஆடினேன். ஜெயித்துவிட்டேன். வினிதாவின் வாய் திறந்தது. சத்தம் இல்லை. என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு எண்ணும்போது மூச்சு வந்தது. உதட்டைப் பார்த்தேன். நீலம் இல்லை.

மூக்கைத் துடைத்தாள். கொட்டைகளைக் கூட்டிக் குவித்தாள். "ஊது" என்றாள்.

இரண்டாவது ஆட்டத்திலும் நான்தான் ஜெயித்தேன்.