மூசையில் மிச்சம் வைத்தவன்

லண்டன், 4 மார்ச் 1912

அன்புள்ள தம்பி அமோஸ்,

நலமா? ஐந்து வருஷமாக நீ ஒரு வரி எழுதவில்லை; நானும் வீம்பாகத்தான் இருந்துவிட்டேன். இப்போதும் காரியமாகத்தான் எழுதுகிறேன். எங்கள் அகராதி அலுவலகத்தில் 'டீம்' என்ற சொல் மேசைக்கு வந்திருக்கிறது. குதிரை பூட்டும் டீம் இல்லை, உன் உலைக்கூடத்து வினைச்சொல். "உருகிய எஃகை ஊற்றுதல்" என்று ஆசிரியர் எழுதிவிட்டார். சரிதானா?

உன் அக்கா ஹெஸ்டர்

ஷெஃபீல்ட், 7 மார்ச்

அக்கா,

ஊற்றுவதா? தேநீரை ஊற்றலாம். டீம் செய்வது என்றால் மூசையை, எஃகு உருக்கும் மண் பானையை, காலி செய்வது. காலில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, இடுக்கியால் மூசையைத் தூக்கி, வார்ப்பு அச்சின் சுவரில் படாமல் ஒரே தாரையாக இறக்கவேண்டும். மிச்சம் நின்றால் உறைந்துவிடும். மூசையும் போச்சு, எஃகுக் கட்டியும் குறை. இதில் என்னை மிஞ்ச இங்கே ஆள் கிடையாது. உன் ஆசிரியரிடம் சொல்.

அமோஸ்

லண்டன், 12 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

படித்துப் பூரித்துப்போனேன். நார்வே பக்கமிருந்து கடல் தாண்டி வந்த பழைய நார்ஸ் மொழிச் சொல்லாம். அங்கும் 'காலி செய்' என்பதே பொருள். ஆயிரம் வருஷமாக நீங்கள்தான் சரியாகச் சொல்லிவருகிறீர்கள். ஆசிரியரோ, "தொழிலாளி கடுதாசி எல்லாம் சாட்சி ஆகாதும்மா. அச்சுல வந்திருக்கா?" என்கிறார். தேடிவிட்டேன், எங்கும் இல்லை. அடுத்த வெள்ளி அச்சுக்குப் போகிறது. மனசு ஆறவில்லை.

ஹெஸ்டர்

ஷெஃபீல்ட், 14 மார்ச்

அக்கா,

அச்சில் இருக்கிறது. ஐந்து வருஷமாக ஒரு தாளைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன், இத்துடன் அனுப்புகிறேன். நீ லண்டனுக்கு ரயிலேறிய அன்று, டீம் செய்கையில் என் கை ஒரு நொடி நின்று, மூசையில் மிச்சம் உறைந்துவிட்டது. "என்னடா, மிச்சத்தை அக்காவுக்கா எடுத்து வெச்சிருக்கே?" என்று கூடமே சிரித்தது. முதலாளி அச்சடித்து வாசலில் ஒட்டினார்: "மூசையை முழுதும் டீம் செய்யாத அமோஸ் ஸ்டானிஃபோர்த் ஒரு மாதம் கரி அள்ளுவான்." அந்தக் கோபத்தை உன்மேல் காட்டிவிட்டேன். தப்புதான்.

அமோஸ்

லண்டன், 16 மார்ச்

என் தம்பிக்கு,

ஆசிரியர் தாளை இரண்டு முறை படித்தார். 'ஊற்றுதல்' போயிற்று, 'முழுதும் காலி செய்தல்' ஏறிவிட்டது. மேற்கோளாக அந்த வரியே வருகிறது. உன் பெயரை மட்டும் மறைத்துவிடட்டுமா? அகராதியடா, நாம் போனபிறகும் நிற்கும்.

ஹெஸ்டர்

ஷெஃபீல்ட், 18 மார்ச்

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கூடத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். "உன் பேரு புஸ்தகத்துலயா? அதுவும் இந்த மானங்கெட்ட கதையோடயா?" என்று கூட்டாளி ஜோஷுவா கேட்டான். ஆமாம் என்றேன், நெஞ்சை நிமிர்த்தித்தான்.

மறைக்காதே. முழுப் பெயரும் வரட்டும். ஓர் எழுத்து குறைந்தாலும் நான் லண்டனுக்கே வந்து நிற்பேன். குறையாவிட்டாலும் வருகிறேன், உன்னைப் பார்க்க.

உன் தம்பி
அமோஸ் ஸ்டானிஃபோர்த்