முங்காத கண்ணாடி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கண் எரிச்சல் குறைந்ததா?

நேற்று எங்கள் கடைக்கு அலைச்சறுக்கு கற்றுத்தரும் பெண் ஒருவர் வந்தார். விலை கூடிய குளிர்கண்ணாடியை நான் ஆகா ஓகோ என்று புகழ்ந்தேன். அவர் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு, அதில் போட்டார். முங்கிவிட்டது. என் முகத்தில் ஈயாடவில்லை.

"அலை தட்டிவிட்டா இது கடலுக்குத்தான்," என்று சிரித்தார்.

வேறு கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு, மிதந்த ஒன்றை எடுத்து, வாசல் வெயிலில் கண் கூசுகிறதா என்று பார்த்து, பின்னால் வார் மாட்டி அணிந்து தலையை உதறிய பிறகே வாங்கினார். என்ன கெட்டிக்காரி!

அதேபோல் ஒன்று உங்களுக்கும் எடுத்து வைத்திருக்கிறேன். படகில் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தது போதும். வாருக்குப் பின்தலை வழியாகக் காதிலிருந்து காதுவரை நூலால் அளந்து அனுப்புங்கள்.

முதலாளி கூப்பிடுகிறார். அளவை எண்ணில் எழுதிவிடாதீர்கள் அப்பா, உங்கள் தலையைத் தொட்ட அந்த நூலேதான் வேண்டும்.

உங்கள் மகள்