கூம்புப் பொடி

5 அக்டோபர் 1992

ஆலைக்காரி கிஸெல்லாவுக்கு,

அன்புள்ள என்று போட மனசு வரவில்லை. ரெண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பாவத்துக்கு எழுதுகிறேன். உன்னோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்துப் பதினோரு வருஷமாகிறது. எழுதுவது பேச்சில் சேராது. பொடி வெளியே பறக்காமலிருக்க உன் மிளகாய் ஆலைக் கூரையில் புதுத் தகரக் கூம்பு வைத்தாயாமே. போன வாரமும் கொடியில் காய்ந்த என் படுக்கை விரிப்பெல்லாம் சிவப்பு. "பாட்டி, இதுல யாரை வெட்டுனீங்க?" என்கிறாள் பேத்தி. இந்த மாதமும் நிற்காவிட்டால் செகெட் நகரத்தில் மகனோடு போய் இருந்துகொள்வேன். இதை என் வீட்டுக்காரர் வெண்டெல் கொண்டு வருவார். உன்னிடம்தானே வேலை பார்க்கிறார்.

எத்தெல்கா

7 அக்டோபர்

அன்புள்ள எத்தெல்கா,

நான் அன்பென்றுதான் போடுவேன். கூம்புக்குள் காற்று சுழலும்போது பொடி சுவரில் மோதிக் கீழே பீப்பாயில் விழ வேண்டும். காற்று மட்டும் நடுக்குழாய் வழியே மேலே போக வேண்டும். பழையது குட்டை. இதை நீட்டி, நடுக்குழாயையும் கீழே இறக்கினேன். நாலு நாள் தூசே இல்லை, அப்புறம் எங்கிருந்தோ வருகிறது. உனக்கு எதுவும் மறக்காதே, எந்தெந்த நாள் சிவந்தது, சொல்லேன். நீ போய்விட்டால் இந்த ஊரில் என்னைத் திட்ட யார் இருக்கிறார்கள்?

உன் கிஸெல்லா

8 அக்டோபர்

கிஸெல்லாவுக்கு,

மறப்பேனா. எண்பத்தொன்றில் பேரன் ஞானஸ்நானத்துக்கு வெளுத்த மேசை விரிப்பு சிவந்து பாழாய்ப் போனது வெள்ளிக்கிழமை. எண்பத்தாறில் முதல் பனியே சிவப்பாகக் கிடந்தது, அதுவும் வெள்ளி. யோசித்துப் பார்த்தால் எல்லாமே வெள்ளி, உன் ஆலையில் சாப்பாட்டு மணி அடித்த பிறகு. வெள்ளிக்கிழமை நாங்கள் கறி தின்பதில்லை. உன் கூம்புக்கு என்ன விரதம்?

எத்தெல்கா

10 அக்டோபர்

அன்புள்ள எத்தெல்கா,

இதை வெண்டெல் கையில் தரவில்லை, தபாலில் போடுகிறேன். நேற்று பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். மணி அடித்ததும் உன் வெண்டெல் வந்தார், மூடியைத் தூக்கி ஒரு பை அள்ளினார், மூடியைப் பாதி அழுத்திவிட்டுப் போனார். அடியில் விரலளவு இடுக்கு போதும், கூம்பு அதன் வழியே காற்றை இழுத்து, விழுந்த பொடியையும் கிளப்பி மேலே அனுப்பிவிடும்.

"என்ன வெண்டெல் இது?" என்றேன்.

"கூம்புப் பொடிதாங்க நைஸு. அவ வெள்ளிக்கிழமை மீன் குழம்புக்கு வேற பொடி ஆகாது. உங்ககிட்ட கேட்டு வாங்கினேன்னு தெரிஞ்சா அடுப்பையே அணைச்சிருவா."

திங்களன்று பீப்பாய்க்கு மேலே இரட்டைக் கதவு போடுகிறேன். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். இனி அவர் அள்ளினாலும் காற்று ஏறாது. அள்ளட்டும்.

உன் கிஸெல்லா

17 அக்டோபர்

அடி கிஸெல்லா,

நேற்று வெள்ளி. விரிப்புகளை வேண்டுமென்றே சாயங்காலம் வரை கொடியில் விட்டேன். ஒரு புள்ளி இல்லை. பதினோரு வருஷம் உன் பொடியைத் தின்றுகொண்டே உன்னைத் திட்டியிருக்கிறேன். வாரம் முழுக்க வெண்டெல்தான் துணி துவைத்தார், நன்றாகவே பிழிகிறார். செகெட்டுக்குப் போகவில்லை. நாளைக்குப் பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வா. உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதே. ஐம்பத்தேழில், அறுவடை நடனத்துக்கு என் பச்சை ரிப்பனைக் கட்டிக்கொண்டு போனாயே, திருப்பித் தந்தாயா? அது எழுதித் தீராது, நேரில்தான் பேச வேண்டும்.

எத்தெல்கா