தோற்பவனுக்கு ஒரு பெயர்

அக்டோபர் 4, 1452. பெராரா.
தத்தேயோ மனிதனின் மேன்மையைப் பற்றி உரையாடல் நூல் எழுதுகிறானாம். பிரபுவே கேட்டாராம். மனிதனின் துயரத்தைப் பற்றி ஏழு வருடமாக எழுதிக்கொண்டிருக்கும் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 6.
தத்தேயோ சந்தையில் விலாங்கு மீன் வாங்கிக்கொண்டு நின்றான். "என்னப்பா லாப்போ, உன் அழுகைப் புத்தகம் எந்த மட்டுல இருக்கு?" என்று சிரித்தான். பிறகு, "நான் எழுதினத ஒருதடவ பாத்துத் திருத்திக் குடேன்" என்றான். நேரமில்லை என்றேன். நேரமெல்லாம் கிடக்கிறது. வயிறுதான் எரிகிறது. லத்தீனில் பிழை இருந்தால் பிரபுவின் சபையே பார்க்கட்டும்.

அக்டோபர் 7.
உரையாடல் நூலில் பேசுகிறவர்களுக்கு நண்பர்களின் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். துயரத்தின் பக்கம் பேசித் தோற்க அவனுக்கு ஒரு முட்டாள் வேண்டுமே. என்னை விட்டால் யார்? சரி. என் நூலில் மேன்மை பேசும் மடையன் பெயர் இன்றிலிருந்து தத்தேயோ.

அக்டோபர் 10.
முடித்தேன். அவன் உளறுகிறான், நான் வெல்கிறேன். பியாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவரு மகள அடக்கம் பண்ணி வருஷம் திரும்பல. அந்த மனுஷனப் போயி இப்படியா எழுதுவீங்க?" என்று எழுந்து போய்விட்டாள். மனைவிகூட அவன் பக்கம்! நகலெடுக்க நெரியிடம் கொடுத்தாயிற்று. நல்ல தோல் ஏட்டில், நல்ல மையில்.

அக்டோபர் 18. புனித லூக்கா திருநாள்.
இன்று சபையில் அவன் நூலை வாசித்தார்கள். என் பெயர் வந்ததும் கன்னம் சுட்டது. ஆனால் — துயரத்தின் பக்கம் பேசித் தோற்பவன் தத்தேயோவே. மேன்மை பேசி வெல்பவன் லாப்போ.

"மூன்றே வருடம் வாழ்ந்தாள். அதற்குள் முற்றத்துப் பறவைகளுக்கெல்லாம் தானே பெயர் வைத்தாள். பெயர் வைக்கத் தெரிந்த உயிர் வேறு எது?"

அவன் மகளின் குழி மேட்டில், மழையில், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது அது. நானே மறந்துவிட்டேன்.

வாசலில் வந்து கையைப் பிடித்தான். "கோவமா? உன்னக் கேக்காம எடுத்துக்கிட்டேன். அதான் முன்னாடியே பாக்கச் சொன்னேன்." அப்போதும் உள்ளே என்ன ஓடியது தெரியுமா? என் வார்த்தையை என்னைவிட நன்றாக எழுதிவிட்டானே என்று! சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

அக்டோபர் 19.
காலையிலேயே நெரி வீட்டுக்குப் போனேன். "எழுதி முடிச்சாச்சே ஐயா. சுரண்டுனா தழும்பு தெரியும்" என்றான்.

"தெரியட்டும். கத்தியக் குடு."

இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினேன். இப்போது மடையன் லாப்போ. மேன்மையின் பக்கம் பேசுகிறான், மோசமாகப் பேசித் தோற்கிறான். சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தழும்பிலும் பழைய பெயர் தெரிகிறது.

அக்டோபர் 20.
திருத்தித் தரச் சொல்லி என் நூலைத் தத்தேயோவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் சன்னலோரத்தில் உட்கார்ந்துதான் படிப்பான்.