இந்தச் சித்திரைக்குள் கூரை மாறாது

ஸ்ரீரங்கம்,
பங்குனி 18

அன்பு மகள் குழலிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அம்மாவுக்குக் காலையில் எழும்போது மட்டும் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, நடக்க நடக்க விட்டுவிடுகிறது. நாசிக்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை அறிவுமதியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் எப்போதும் நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை போனில் ஏம்ப்பா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், நான் டவர் கிடைக்கவில்லை என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன சித்திரையில் நீ பத்து நாள் வந்திருந்தாய், அதில் நம் வீட்டில் படுத்தது ஒரே ஒரு ராத்திரி. குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு பொங்கி அழுத அழுகையில் மறுநாளே திருச்சி கே.கே. நகரில் உன் நாத்தனார் ஸ்ரீவித்யா வீட்டு ஏ.சி. அறைக்குப் போய்விட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை அம்மா, சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே பகலில் இறங்கிய சூடு விடியும்வரை போவதில்லை, இரண்டு ஃபேனும் அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றிக் கீழே தள்ளுகின்றன, கரண்ட் பில் வந்ததுதான் மிச்சம். நீ ரயில் ஏறும்வரை அம்மா நீங்கள் படுத்த பாயைச் சுருட்டாமலே வைத்திருந்தாள்.

மாசி மாதம் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து லூர்துராணி என்று ஒரு பெண் நம் தெருவுக்கு வந்தார். வருமானம் குறைந்த ஷீட் வீடுகளுக்குக் கையில் காசு வாங்காமல் சூடு குறைத்துத் தருகிறார்களாம். மேலே வெள்ளைப் பூச்சு, அடியில் சூடு இறங்காமல் தடுக்க ஒரு பலகை, சுவரில் காற்று போகத் திறப்பு, பழைய ஃபேனுக்குப் பதில் கரண்ட் கம்மியாக இழுக்கும் ஃபேன். ஒரே ஒரு கட்டுப்பாடு, வாடகைக்கு ஆள் இருந்தால் ஐந்து வருடத்துக்கு வாடகையை ஏற்றவும் கூடாது, காலி பண்ணச் சொல்லவும் கூடாது, எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எதற்கு அது என்று கேட்டேன். கூரை நல்லா ஆனதும் வாடகையை ஏத்திடறாங்க ஐயா, இருந்தவங்க வேற ஒரு சூட்டு வீட்டுக்குப் போயிடறாங்க, அப்ப நாங்க யாருக்குங்க செஞ்சோம் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு அப்போது உன் நினைப்பு. பின் அறையில் கியாசுதீனும் ஷஹனாஸும் இரண்டு வருடமாக இருக்கிறார்களே, அவர்களை மெல்லக் காலி பண்ணச் சொல்லி, கூரையும் மாறிவிட்டால் அந்த அறையை நீயும் குழந்தையும் வந்து தங்க வைத்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வாடகைக்கு யாரும் இல்லைங்க, நாங்க ரெண்டு பேருதான் என்று சொல்லிவிட்டேன். அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஷஹனாஸ் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவளுக்கு இது ஏழாவது மாதம். நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் அம்மாவிடம் வந்து, நாங்க எந்த மாசம் காலி பண்ணணும்னு அப்பாகிட்ட கேட்டுச் சொல்லுங்கம்மா, வீடு பாக்கணும் என்றாளாம். அவளும் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அன்று சோறு போடும்போது அம்மா, நம்ம பொண்ணு வரும்னு இன்னொரு வீட்டுப் பொண்ண வெளியில அனுப்பாதீங்க, உங்க பொண்ணும் அங்க வாடகை வீட்டுலதான் இருக்கு என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் அவர்கள் ஆபீசுக்குப் போய் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்லில் முப்பது வருடம் பாய்லர் பார்த்தவன், முதலாளி முன்னால்கூட அப்படி நின்றதில்லை. லூர்துராணி கோபப்படவில்லை. பரவாயில்லைங்க ஐயா, ஆனா பின் அறையையும் சேத்து மறுபடி அளக்கணும், உங்க பேரு ரெண்டாவது லிஸ்ட்டுக்குப் போயிடும், வேலை ஆடியிலதான் நடக்கும் என்றார். உறுதிமொழித் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன், கியாசுதீனும் போட்டான். வீட்டுக்கு வந்து ஷஹனாஸிடம், எங்கயும் போக வேணாம்மா, நான் சொன்னது தப்பு என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். முன்போல் இன்னும் பேசுவதில்லை, பேசுகிறபோது பேசட்டும்.

ஆக இந்தச் சித்திரைக்கு நம் கூரை இதே கூரைதான், பின் அறையும் இனி ஐந்து வருடத்துக்கு அவர்களுடையது. இதைச் சொன்னால் நீ வராமல் இருந்துவிடுவாயோ என்றுதான் போனை அம்மாவிடம் கொடுத்தேன். டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ணிவிடாதே. ஸ்ரீவித்யா வீட்டிலேயே தங்கு, குழந்தைக்கு அதுதான் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் ஸ்ரீவித்யா என்னை மூன்று தடவை வீட்டுக்குக் கூப்பிட்டாள், என் பொண்ணைப் பார்க்க நான் இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்பதா என்ற வீம்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை. தினமும் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை வந்தேன், கே.கே. நகர் பஸ் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இந்தத் தடவை ஏறி வருகிறேன். காலையில் வந்து சாயங்காலம்வரை உங்களோடு இருந்துவிட்டுப் போகிறேன், ஸ்ரீவித்யாவிடம் நீயே சொல்லி வை.

வரும்போது குழந்தைக்கு மெல்லிய பருத்திச் சட்டையாக எடுத்து வா, ரயிலில் தண்ணீரைப் பார்த்துக் குடி. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் சேர்ந்து நிறைந்து வாழ வேண்டும்.

வழி பார்த்திருக்கும் உன் அப்பா,
தாயுமானவன்