மாரியக்காவின் நிரலில் எது புதிது

என் மாரியக்காவுக்கு,

அன்றைக்கு நான் கையைத் தூக்கவில்லை. கல்லூரிக் கணினி அறையில் உன் செயற்கை அறிவு நிரலை ஓட்டிப் பார்த்த வெளித் தேர்வாளர், "இப்படி ஒன்றை இதற்குமுன் யாராவது பார்த்திருக்கிறீர்களா?" என்று எல்லோரையும் கேட்டார். நான் பார்த்திருந்தேன். நூலகத்தில், பழுப்பேறிய ஆய்விதழ் ஒன்றில், நாம் பிறப்பதற்கு முன்பே ஒருவர் அதே முறையை எழுதியிருந்தார். சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

வெயிலில் காயப்போடும் வெடியை ஈரக்காற்று கெடுக்குமா என்று காலையிலேயே சொல்லும் நிரல் அது. தவறு செய்யச் செய்யத் தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு வருடம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, எங்களுக்கெல்லாம் மூத்தவளாக வந்து படித்தவள் நீ. எல்லோரும் கைதட்டும்போது எப்படிச் சொல்வேன்? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நான்கே மாதத்தில் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது ஒரு சேதி. உன் நிரலை மாணவர் போட்டி ஒன்றுக்கு அனுப்ப முடிவுசெய்தார்கள். 'உலகில் முதன்முறை' என்று துறைத்தலைவர் எழுதிவிட்டார். உன் கூடவே இருந்தவள் என்பதால், அதில் எது புதிது என்று விளக்கி நான் கையெழுத்திட வேண்டும் என்றார்.

எங்கள் பட்டாசுக் கடைக்கு ஒவ்வொரு சீசனிலும் புது ஐட்டம் என்று எதையாவது கொண்டுவருவார்கள். என்னைப் பெற்ற அத்தா முதலில் லேபிளைக் கிழிப்பார்கள். "ஏலே, தாளுதான புதுசு? உள்ள போன வருசத்து வெடியில்லா இருக்கு" என்பார்கள். கொண்டுவந்தவரும் சிரித்துவிடுவார்.

உன் நிரலையும் அப்படித்தான் பிரித்துப் பார்த்தேன், அக்கா. கற்றுக்கொள்ளும் முறை பழசு. வெப்பம், காற்று, மேகம் எல்லாம் யாரும் கொடுப்பதுதான். ஒன்றே ஒன்று மிஞ்சியது: ஒவ்வொரு நாளுக்கும் எதிரே நீ நிமிடக் கணக்கில் இட்டிருந்த ஓர் எண். அது எதன் கணக்கு என்று நீ எங்கும் எழுதவில்லை. அதை எடுத்துவிட்டு ஓட்டினால் நிரல் தப்புத் தப்பாகச் சொல்கிறது.

உன் ஊரான ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறினேன். உன் அம்மா வெடிக்குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணைப் பற்றிக் கேட்டதும் விரலைக் காட்டினார்கள்.

"பசை தாயி. காலையில மொதக் குழாய் சுத்துனதும், வெரல்ல ஒட்டுன பசை காய எம்புட்டு நேரமாகுதுன்னு பாப்பேன். காயமாட்டேன்னு அடம்பிடிச்சா அன்னைக்கு வெடியக் காயப்போடக் கூடாது. இவ கடிகாரத்தப் பிடிச்சுக்கிட்டு எழுதுவா. கிறுக்கச்சின்னு வைவேன்."

வேறு யாரும் இப்படிப் பார்ப்பதுண்டா என்று கேட்டேன். "மத்தவுக தொடச்சிட்டுத்தான வேலை பாக்காக" என்றார்கள்.

ஏன் அக்கா என்னிடம்கூடச் சொல்லவில்லை? அம்மாவின் விரல் என்று சொன்னால் அந்த அறையில் சிரிப்பார்கள் என்று நினைத்தாயா?

இந்த எண்ணை இதற்குமுன் எவரும் ஒரு நிரலுக்குக் கொடுத்ததாக நான் படித்ததில்லை. மூன்று வாரம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 'உலகில் முதன்முறை'யை அடித்தேன். முறை எங்கிருந்து வந்தது என்று அந்தப் பழைய கட்டுரையைக் குறித்தேன். புதியது பசை காயும் நேரம் என்று எழுதினேன். கண்டறிந்தவர் என்ற இடத்தில் உன் பெயருக்குப் பக்கத்தில் உன் அம்மாவின் பெயரையும் எழுதினேன்.

துறைத்தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. "பாதியக் கொன்னுட்டியேம்மா" என்றார். மீதிப் பாதியை யாராலும் அசைக்க முடியாது சார் என்றேன். பேனாவை வாங்கி அவரும் கையெழுத்திட்டார்.

இனி உன் நிரலைப் பற்றி யார் கேட்டாலும் பழசையும் புதுசையும் சேர்த்தே சொல்வேன். வாயை மூடிக்கொண்டு உட்கார மாட்டேன், அக்கா.

விண்ணப்பம் போன வாரம் திரும்பி வந்தது. இரண்டாவது பெயர் மாணவியுடையது அல்லவாம். அதை எடுத்துவிட்டால் சேர்த்துக்கொள்வார்களாம். நான் எடுக்கவில்லை.

உன் தங்கச்சி,
நஸீமா